காயத்தைப் பேணுவோம்



தமிழில் 'காயம்' என்னும் சொல் இரு பொருள் தரும். உடலுக்கும் காயம் என்று பெயர். உடலில் பட்ட அடிக்கும் காயம் என்று பெயர். அடிபட்ட காயத்தைக் காக்க முனைந்து, முழு உடலாகிய காயத்தைக் கைவிட்டுவிடும் வழக்கம் நம் இல்லங்களில் பெருகி வருகிறது. அதைப் பற்றியே இத்திங்கள் உங்களோடு உரையாட எண்ணுகிறோம்.

நோயுற்றோரைச் சந்திக்க வீடு வீடாகச் செல்வது பங்குக் குருவின் கடமைகளுள் ஒன்று. அவ்வாறு செல்லுங்கால் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. எழுபது வயதைத் தொட்ட ஒரு தாய் குளியலறையில் வழுக்கி விழுகிறார், மணிக்கட்டு முறிகிறது. சில வாரங்களில் மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவரும் சொல்லியாயிற்று. ஆயினும் ஓராண்டு சென்ற பின்னும் அத்தாய் கட்டிலை விட்டு எழ இருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. முறிந்தது மணிக்கட்டு, போனதோ கால்!

இது எப்படி நேர்ந்தது? அந்த வீட்டில் குறை கூறத்தக்கவர் எவரும் இல்லை. மருமகள் பொன்னான பெண். "அத்தை, நீங்க எழுந்திரிக்காதீங்க. என்ன வேணும்னாலும் ஒரு குரல் கொடுங்க, நான் கொண்டாந்து தர்றேன்" என்று நம் முன்னிலையிலேயே சொன்னார். அன்பினால் சொன்ன சொல் அது. ஆனால் நாளுக்கு இருபது முறை எழுந்து நடந்த கால்கள், அந்த அன்பினாலேயே நாளுக்கு இரு முறை எழுவதற்கும் தயங்கத் தொடங்கின. அடி கெடுத்தது கொஞ்சம். அசையாமை கெடுத்தது அதிகம்.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. 2007-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோயேதும் இல்லாத முதியோர் சிலரைப் பத்தே நாள்கள் படுக்கையில் இருக்கச் செய்து அளந்து பார்த்தனர். அந்தப் பத்து நாள்களில் அவர்களுடைய கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நல்ல உடல்நிலையில் இருந்தோருக்கே பத்து நாளில் இந்தக் கதி என்றால், வலியோடும் அச்சத்தோடும் மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்போரின் நிலையை நாம் விளக்கவும் வேண்டுமோ?

ஓய்வு தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. முறிந்த எலும்பு கூடவும், கிழிந்த தசை ஒட்டவும், அறுவை சிகிச்சைப் புண் ஆறவும் ஓய்வு வேண்டும். அது எத்தனை நாள் என்பதை மருத்துவர் வரையறுப்பார். ஆனால் அந்த எல்லை முடிந்த பின்னும் தொடரும் ஓய்வு மருந்தாகாது. மேலும், ஓய்வு வேண்டுவது அடிபட்ட உறுப்புக்கே; உடல் முழுமைக்கும் அன்று. கை முறிந்தவர் கால்களுக்குப் பயிற்சி தரலாம். கணுக்கால் சுளுக்கியவர் நாற்காலியில் அமர்ந்தபடியே தோளுக்கும் புயத்துக்கும் பயிற்சி தரலாம். வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. ஒரு கைக்கு மட்டும் பயிற்சி தந்தால், பயிற்சி பெறாத மறுகைக்கும் ஓரளவு வலிமை கூடுகிறது என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 1894-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தனர். தசையை ஏவுவது நரம்பும் மூளையும் அல்லவா? அவை கற்றுக்கொள்வது ஒரு பக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆகவே கட்டுப்போட்ட இடக்கைக்காக வலக்கை உழைக்கலாம்.

அடிபட்டோருக்கு எடைப் பயிற்சி தருவது புதுமையான எண்ணமும் அன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில், சிகாகோ நகரின் இராணுவ மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டிலோர்ம் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றினார். போரில் முழங்கால் கெட்ட வீரர்கள் நெடுநாள் தேறாமல் அங்கே கிடந்தனர். மெல்லிய அசைவுகளைப் பலமுறை செய்விப்பதே அந்நாளைய முறை. டிலோர்மோ சிறு வயதில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்னர் எடை தூக்கித் தம் உடலைத் தேற்றிக்கொண்டவர். அந்த வழியை வீரர்களுக்கும் காட்டினார். காலில் இரும்புக் காலணியைக் கட்டி, சிறு எடையில் தொடங்கி, வலிமை கூடக் கூட எடையையும் கூட்டினார். அதன் பயனை 1945-இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடை எதுவெனக் கண்டுகொள்ள வேண்டும். முதலில் அதில் பாதியைப் பத்து முறையும், அடுத்து முக்கால் பங்கைப் பத்து முறையும், இறுதியில் முழு எடையைப் பத்து முறையும் தூக்க வேண்டும். இதுவே அவர் பின்னர் வகுத்த எளிய முறை. 'சிறுகத் தொடங்கு, படிப்படியாகக் கூட்டு' என்பதே அதன் சாரம்.

"அவர்கள் இளைஞர்கள், போர்வீரர்கள், எங்களுக்கு ஏது?" என்று முதியோர் கேட்கலாம். பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால் தசைப் பயிற்சி தந்தனர். 1990-இல் அதன் முடிவு வெளிவந்தது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. கைத்தடி ஊன்றி நடந்தவர்களுள் இருவர் தடியைக் கீழே வைத்தனர். அதே ஆய்வு வேறொன்றையும் காட்டியது. பயிற்சியை விட்ட நான்கே வாரங்களில், வலிமை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. தொண்ணூறு வயதிலும் தசை வளரும். எந்த வயதிலும் விட்டால் தேயும்.

இனி, கருவிகளுக்கு எங்கே போவது? தொலைவில் தேட வேண்டியதில்லை. நம் முன்னோர் ஊர்ப் பொதுவிடத்தில் கிடந்த இளவட்டக்கல்லைத் தூக்கியே தோளை வளர்த்தனர், கர்லாக்கட்டையைச் சுழற்றினர், தண்டாலும் பஸ்கியும் எடுத்தனர். இளவட்டக்கல்லைத் தூக்குமாறு எவரையும் நாம் ஏவவில்லை. கருவி எளிதாயினும் பயிற்சி பெரிதாகலாம் என்பதற்கே அதை நினைவூட்டினோம். கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலி ஒன்று, சுவர், வாசற்படி, துண்டு, தண்ணீர்ப் புட்டிகள் இரண்டு, வலுவான துணிப்பை ஒன்று. இவை போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. துணிப்பையில் அரிசியையோ மணலையோ அளந்து போட்டால், அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கூட்டிக்கொள்ளலாம். கடையில் விற்கும் டம்பெல் பலவற்றில் அத்தனை நுட்பமாகக் கூட்ட இயலாது!

தொடங்குமுன் மருத்துவரை நாட வேண்டியோர் உண்டு. மூட்டு வீங்கிச் சுடுகிறதா? காலை ஊன்றவே இயலவில்லையா? கையோ காலோ மரத்துப்போகிறதா, வலுவிழக்கிறதா? முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறுகிறதா? இரவில் உறங்கவிடாத வலியும் காய்ச்சலும் சேர்ந்து வருகின்றனவா? நடந்தால் நெஞ்சு வலிக்கிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும், இதய நோயும் கட்டுக்கு அடங்காத இரத்த அழுத்தமும் உடையோரும் மருத்துவரின் ஒப்புதலோடே தொடங்க வேண்டும். அருகில் பிசியோதெரபி அறிந்தவர் இருப்பின், ஓரிரு முறையேனும் அவரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

இப்போது பயிற்சிகளைக் காண்போம்.

முதலாவது, நாற்காலியில் அமர்ந்து எழுதல். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாக அமருங்கள். 'தொப்'பென விழுவது பயிற்சியாகாது. அமரும்போது மூன்று வரை எண்ணுங்கள். முழங்கால் வலிப்போர் இருக்கையின் மேல் தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். இருக்கை உயர உயர முழங்காலுக்குச் சுமை குறையும். வலிமை வந்தபின் தலையணையை எடுத்துவிட்டு, அதன் பின்னர் அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம். இதுவும் இயலாதபடி முழங்கால் வலித்தால், கட்டிலில் காலை நீட்டி, முழங்காலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து, அதை ஐந்து நொடி அழுத்தி விடுங்கள். பத்து முறை செய்தால் தொடைத் தசை விழித்துக்கொள்ளும்.

இரண்டாவது, சுவர்த் தண்டால். சுவரிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று மேல் தள்ளி நின்று, மார்புயரத்தில் கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி நெருங்கிப் பின்னர் தள்ளுங்கள். எளிதான பின் சமையல் மேடையின் விளிம்பிலும், அதன் பின் தரையிலும் செய்யலாம். தோள்பட்டை வலிப்போர் கைகளைத் தோளுக்குக் கீழே தாழ்த்தி ஊன்றுவதே நலம்.

மூன்றாவது, பை இழுத்தல். ஒரு கையை மேசையில் ஊன்றி, முதுகு வளையாமல் இடுப்பில் சாய்ந்து நின்று, மறுகையில் தொங்கும் பையை விலாப்புறம் வரை இழுத்து இறக்குங்கள். கிணற்றில் நீர் இறைத்த தலைமுறையின் முதுகு வலுவாக இருந்ததன் காரணம் இதில் விளங்கும்.

நான்காவது, குதிகால் உயர்த்தல். சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் எழுந்து மெதுவாக இறங்குங்கள். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. சுவீடன் நாட்டின் ஊமியோ நகரில் ஆல்பிரெட்சன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், குதிகால் நரம்பு என்று நாம் வழங்கும் தசைநாண் நெடுங்காலமாக வலித்த 15 பேருக்கு, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழிறக்கும் பயிற்சியை 12 வாரங்கள் தந்தனர். எளிதானபோது முதுகுப்பையில் எடையைப் போட்டுக்கொண்டு செய்தனர். 1998-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, 15 பேரும் தாம் முன்பு ஓடிய அளவுக்கு மீண்டும் ஓடினர். ஒரு படியும் ஒரு பையும் செய்த வேலை அது.

ஐந்தாவது, இடுப்பை உயர்த்தல். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை உயர்த்தி மூன்று நொடி நிறுத்தி இறக்குங்கள். அடிக்கடி இடுப்பு பிடித்துக்கொள்வோருக்கு இது நல்ல தொடக்கம்.

எவ்வளவு செய்வது? உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் அனைவரும் வாரத்தில் இரு நாள்களேனும் பெருந்தசைகள் அனைத்துக்கும் வலிமைப் பயிற்சி தர வேண்டும். 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாள்களேனும், விழாமல் நிற்கும் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பயிற்சியையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்து, ஓரிரு நிமிடம் இளைப்பாறி, மறுபடியும் ஒரு சுற்றுச் செய்யலாம். இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய இயலும் என்ற நிலையில் நிறுத்திக்கொள்ளுங்கள். பன்னிரண்டும் எளிதாகிவிட்டால் அரைக் கிலோ கூட்டுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். அது இரத்த அழுத்தத்தைச் சட்டென ஏற்றும். தூக்கும்போது மூச்சை வெளியே விட்டு, இறக்கும்போது உள்ளே இழுங்கள்.

வலியைப் பற்றி ஒரு சொல். வலி என்றாலே கேடு என்று எண்ணி ஓடுவோர் உண்டு. பல்லைக் கடித்துப் பொறுப்பதே வீரம் என்போரும் உண்டு. இரண்டும் வேண்டாம். வலியே இல்லாத நிலைக்குச் சுழியமும் தாங்கொணா வலிக்குப் பத்தும் என மனத்தில் மதிப்பெண் இடுங்கள். பயிற்சியின்போது மூன்று வரை வலித்தால் தொடரலாம். அதற்கு மேல் ஏறினால் எடையையோ, அசைவின் அளவையோ, எண்ணிக்கையையோ குறையுங்கள். மறுநாள் காலையில் மூட்டு எப்படி இருக்கிறது என்பதே சரியான தேர்வு. வலி பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால் நேற்றுச் செய்தது அளவானது. வலி கூடியிருந்தாலோ மூட்டு வீங்கியிருந்தாலோ நேற்றுச் செய்தது மிகுதி. மிகுதியானால் குறைத்துக்கொள்ளுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள்.

இவ்வழியில் தேறிய ஒரு கொத்தனாரை நாம் அறிவோம். வயது நாற்பத்தெட்டு. சாரத்திலிருந்து விழுந்து வலத்தோள் அடிபட்டது. எலும்பு முறியவில்லை, ஆயினும் கை தோளுக்கு மேல் எழவில்லை. இரு மாதம் திண்ணையிலேயே இருந்தார். கூலி நின்றது, மனைவியின் காதணி அடகுக்குப் போயிற்று. "இனிமே இந்தக் கை எதுக்கு ஆகும் சாமி?" என்று கண்கலங்கினார். பிசியோதெரபி அறிந்த ஒருவரிடம் அனுப்பி வைத்தோம். அவர் கற்றுத் தந்தவை மூன்றே மூன்று: சுவரில் விரல்களால் ஏறுதல், சுவர்த் தண்டால், அரை லிட்டர்ப் புட்டியைப் பக்கவாட்டில் உயர்த்துதல். மகன் பழைய நோட்டு ஒன்றில் நாள்தோறும் எண்ணிக்கையைக் குறித்து வைத்தான். ஆறாம் வாரம் வலி கூடியது. எடையைக் குறைத்தார், ஆனால் விடவில்லை. நான்காம் மாதம் பூச்சு வேலைக்குத் திரும்பினார். சிமெண்டு மூட்டையை இன்றும் அவர் தலைக்கு மேல் தூக்குவதில்லை; அதற்கு வேறொருவரை அழைக்கிறார். முழுவதும் பழையபடி ஆகவில்லை என்பது உண்மை. அடகுக்குப் போன காதணி மீண்டது என்பதும் உண்மை.

"நாள் முழுதும் வீட்டு வேலை செய்கிறோமே, அது பயிற்சி ஆகாதா?" எனத் தாய்மார் கேட்பர். நியாயமான கேள்வி. வீட்டு வேலை அசைவு தருகிறது, அது நன்று. ஆனால் அதில் சுமை படிப்படியாகக் கூடுவதில்லை; சில தசைகள் ஓயாது உழைக்க, மற்றவை உறங்குகின்றன. குனிந்து நிமிர்ந்து இடுப்பு சலித்தவளுக்குத் தொடை வலுவாக இருப்பதில்லை. வாரத்தில் இரு நாள் கால் மணி நேரம் அவளுக்கு ஒதுக்கித் தருவது கணவருடைய கடமை. அந்தக் கால் மணி நேரம் அடுப்பை அவர் பார்த்துக்கொள்ளட்டும்! வளரும் தசைக்கு உணவும் வேண்டும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றில் இயன்றதை முதியோர் தட்டிலும் இடுங்கள். 'வயதானவர்க்குக் கஞ்சி போதும்' என்று ஒதுக்குவது முறையன்று.

முடிக்குமுன் ஒரு சிறு வேலை தருகிறோம். வரும் ஞாயிறு மாலை குடும்பம் கூடியிருக்கையில் நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பாருங்கள். முதியோர் அருகில் ஒருவர் நிற்கட்டும். முதியோர் விழும் ஆபத்தைக் கணிக்க அமெரிக்க மருத்துவர்கள் கையாளும் தேர்வு இது. 65 முதல் 69 வயதுக்குள் ஆண்கள் 12-க்கும், பெண்கள் 11-க்கும் குறைவாக எழுந்தால், விழும் ஆபத்து மிகுதி என்று கொள்கின்றனர். 75 முதல் 79 வயதுக்குள் அவ்வெண்கள் 11-உம் 10-உம் ஆகும். எண்ணிக்கையை நாள்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள். எட்டு வாரம் பயின்று மறுபடியும் எண்ணுங்கள்.

அதுவரை இல்லத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அம்மா தண்ணீர் கேட்டால் உடனே எடுத்து வர ஓடாதீர்கள். அருகில் நில்லுங்கள்; தேவையானால் கை கொடுக்க ஆயத்தமாக இருங்கள்; "மெதுவா எழுந்து வாங்கம்மா, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். அவர் எழுந்து வர ஐந்து நிமிடம் ஆகலாம். அந்த ஐந்து நிமிடம் காத்திருக்கப் பொறுமை கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு கோவிலுக்கு அவர் தம் காலால் நடந்து வருவது, இன்று நீங்கள் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது.